கூடத்துக்குள் ஒரு கூடம்

வீடு பார்க்கப் போன இடத்தில் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் கேட்ட ஒரே கேள்வி, "படி இருக்கா?"

தண்ணீர் எப்போது வரும், அக்கம்பக்கம் எப்படி, மழைக்கு ஒழுகுமா, ஒன்றும் கேட்கவில்லை. தரகரே மிரண்டுபோனார்.

"படிங்கிற பேச்சே கிடையாதுங்க. வாசல்லேருந்து பின்வாசல் வரைக்கும் ஒரே மட்டம். குழந்தை தவழ்ந்தே போயிடும்."

"குழந்தை இல்லைங்க. எங்க அம்மா," என்றான் புருஷன்.

"ஐயோ, தவழுறாங்களா?"

"வாக்கர் வச்சு நடக்கிறாங்க."

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பிழைக்கிறவன். யார் சொன்னாலும் நம்ப மாட்டான். ரசமட்டம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்து அறை அறையாகத் தரையில் வைத்துப் பார்த்தான். குமிழி எல்லா இடத்திலும் நடுவில்தான் நின்றது. மற்ற அறைகளில் மொசைக் தரை, கூடத்தின் நடுவில் மட்டும் அகலமான மரப்பலகைகள். ஏன் அப்படி என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. மட்டம் சரியாக இருந்தது, வாங்கிவிட்டார்கள்.

படி என்றால் அவன் அம்மாவுக்கு அப்படி ஒரு கிலி. பழைய வீட்டில் சமையலறை வாசலில், ஒரு சாண்கூட உயரமில்லாத படி ஒன்று இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏறி இறங்கிய படி. அதில்தான் போன வருஷம் விழுந்தாள். இடுப்பெலும்பு போயிற்று. அதைப் படம் எடுத்ததே மருமகள்தான்; ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. 'மூச்சை இழுங்க, அசையாதீங்க' என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கு அன்றைக்கு மாமியாரிடம் சொல்ல வாய் வரவில்லை.

எலும்பு கூடிவிட்டது. பயம் குறையவில்லை. மாமியார் மகள் வீட்டில் லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துகொண்டு, "படி இருக்கிற வீட்டுக்கு என்னைக் கூப்பிடாதீங்க. நான் வந்தா உங்களுக்கும் பாரம், எனக்கும் நடுக்கம்," என்று சொல்லிவிட்டாள். அவளைத் திரும்ப அழைத்து வருவதற்காகத்தான் இந்த வீடே.

அழைத்து வருவதற்கு முன் ஒத்திகை பார்க்க வேண்டாமா? மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வாக்கரை இரவல் வாங்கி வந்து, வீடு முழுக்க மாமியார் போல நடந்து பார்த்தாள்.

"அம்மா மாதிரி முணுமுணுத்துக்கிட்டே நட. அப்பத்தான் சரியா வரும்," என்றான் புருஷன்.

"சொல்றேன் இருங்க அவங்ககிட்ட."

அறையில் டக், டக். நடையில் டக், டக். கூடத்தின் நடுவில் கால் வைத்ததும் டொம்.

அவள் நின்றாள். இன்னோர் அடி. டொம்.

"என்னங்க, இது நல்ல சத்தம் இல்லை."

"பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்."

"நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற டாக்டர் இந்தச் சத்தத்தைக் கேட்டாருன்னா நேரா என்கிட்ட அனுப்பிடுவாரு."

மறுநாள் புருஷன் வேலைக்குப் போனபின் தச்சர் வந்தார். நூலண்ணன் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். எட்டு நூல் ஓர் அங்குலம் என்கிற தச்சுக் கணக்கு அவருக்கு மரத்தோடு நிற்காது. "காப்பியில சர்க்கரை ஒரு நூல் கம்மி", "என் மாப்பிள்ளைக்குப் புத்தி ரெண்டு நூல் பத்தாது" என்றுதான் பேசுவார்.

அவர் பலகையைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். உளியை இடுக்கில் விட்டு நெம்பத் தயாராக மூச்சை இழுத்தார். நெம்ப வேண்டியே இருக்கவில்லை. பலகை மூடியைத் திறப்பதுபோல் எழுந்து வந்தது.

"தங்கச்சி, இதுல ஆணியே இல்லை!"

"விழுந்திருக்கும் அண்ணே."

"விழல. அடிக்கவே இல்லை. ஒருத்தன் உட்கார்ந்து இழைச்சு இழைச்சு, ஒண்ணுக்கொண்ணு கவ்வுற மாதிரி வச்சிட்டுப் போயிருக்கான். வேணும்னா எடுத்துக்கலாம்னு வச்சிருக்கான்." அவர் குரல் தணிந்துவிட்டது. "ஒரு டார்ச் இருந்தாக் கொடு."

வெளிச்சம் உள்ளே போனது. மண்ணோ கல்லோ கண்ணில் படும் என்று குனிந்தவள் கண்ணில், ஒரு வெள்ளைத் துணி விலகிய இடத்தில் மயில்கழுத்து நிறம் பட்டது.

தரைக்கடியில் அப்படி ஒரு நிறத்தை யார் எதிர்பார்ப்பார்கள்?

"அண்ணே, எடுங்க. எல்லாத்தையும் எடுங்க."

"உன் வீட்டுக்காரர்..."

"அவருக்கு நான் சொல்லிக்கிறேன்."

பலகை பலகையாக எடுத்துச் சுவரோரம் சாய்த்தார்கள். கூடத்தின் நடுவே மெல்ல மெல்ல வாய் திறந்தது இன்னொரு கூடம். மூன்று படி இறங்கினால் சதுரமாக ஒரு பள்ளம். மூன்று பக்கமும் சுவரோடு சேர்த்துக் கட்டிய நீள இருக்கைகள். மூலைகள் கூர்மையாக இல்லாமல், கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்படி வளைந்திருந்தன. இருக்கைகளுக்கு மயில்கழுத்து நிறத்தில் மெத்தை, முதுகுக்குக் கடுகு மஞ்சள். சுவர் முழுக்க விரல் அகலத் தேக்குச் சட்டங்கள் நெருக்கமாக நிமிர்ந்து நின்றன. நடுவில் ஒரு தாழ்ந்த மேஜை. மாங்கொட்டையை அமுக்கிப் பிடித்ததுபோல ஒரு வடிவம், பிளந்து நிற்கும் மெலிந்த கால்கள், மேற்பரப்பில் நகக்கண் அளவுக் கண்ணாடிச் சில்லுகள். ஒரு பக்கச் சுவருக்குள் ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த ரேடியோகிராம். அதன் குமிழ்கள் பால் நிறத்தில் பிஸ்கட் போல இருந்தன. எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தி, மூலைக்கு மூலை அந்துருண்டைப் பொட்டலம் வைத்து... ஈரம் இல்லை, செல்லரிப்பு இல்லை. நேற்று மாலை விருந்தாளிகள் எழுந்து போயிருக்கிறார்கள், வீட்டுக்காரி கை துடைத்துக்கொண்டு இதோ வரப்போகிறாள் என்பது போல இருந்தது.

நூலண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கோயிலா குளமா, ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரியாது. மருமகளும் கழற்றினாள்.

"என்ன அண்ணே இது?"

"அந்தக் காலத்துப் பணக்காரங்க ஃபேஷன் தங்கச்சி. நாற்காலியில உட்கார்ந்தா போதாதுன்னு தரைக்குள்ளயே போய் உட்கார்ந்தாங்க. கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்லை." அவர் வளைந்த மூலையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார், ஒரு மாட்டைத் தடவுவதுபோல. "மரத்தை எப்படி இப்படி வளைச்சான்? ஒட்டு எங்க? தேடு பார்ப்போம். ஒட்டே தெரியல."

"ஏன் மூடினாங்க?"

"யாராவது விழுந்திருப்பாங்க."

அவள் சட்டென்று மேலே பார்த்தாள். கீழிருந்து பார்க்கையில் வீடே வேறாக இருந்தது. ஜன்னல்கள் உயரத்துக்குப் போயிருந்தன. தரை இடுப்பளவில் நாலு பக்கமும் விரிந்து கிடந்தது. தெருச் சத்தம் தலைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"கடிதம் கிடிதம் ஏதாவது எழுதி வச்சிருக்காங்களா பாருங்க அண்ணே."

"ஒண்ணும் இல்லை. அந்துருண்டைதான்."

ஒரு பழைய போர்வைக்குள் படுக்கவைத்திருந்த நிலைவிளக்கு ஒன்று கிடைத்தது. ஒரே தண்டில் மூன்று கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் கூம்பு வடிவ மூடி: ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு, ஒன்று செங்கல் சிவப்பு. அதை நிமிர்த்தி நிறுத்திவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மெத்தை முதலில் புஸ்ஸென்று மூச்சு விட்டது. பிறகு தாங்கிக்கொண்டது.

புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். வாசலிலேயே கால் அவனறியாமல் பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தியது.

"குழி!"

"குழி இல்லைங்க. இறங்கி வந்து பாருங்க."

"படி இல்லாத வீடுன்னு தேடித் தேடி வாங்கி, கடைசியில கூடத்துக்கு நடுவுல கிணறு! அம்மாகிட்ட என்ன சொல்லுவேன்? 'அம்மா, சமையலறைப் படியில விழுந்தே இல்ல, இப்ப கூடத்துலயே விழலாம் வா'ன்னா?"

"கொஞ்சம் உட்காருங்களேன்."

"உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிறதே உனக்குப் பொழைப்பாப் போச்சு. மேல இருந்ததே நல்லாத்தானே இருந்துச்சு?"

அவள் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். அவன் முனகிக்கொண்டே இறங்கினான். மெத்தையில் உட்கார்ந்தான், முதுகை மஞ்சள் பட்டையில் சாய்த்தான். திட்ட எடுத்த அடுத்த வாக்கியம் எங்கேயோ போய்விட்டது. கண்ணாடிச் சில்லு மேஜையைப் பார்த்தான். சட்டங்களைப் பார்த்தான். கையை நீட்டி ரேடியோகிராமின் குமிழை மெதுவாகத் திருப்பினான். அது 'டிக்' என்றது.

"அடேயப்பா," என்றான், யாரிடமும் இல்லாமல்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் சொன்னது நியாயம் என்பதால்தான் அவளுக்கு வலித்தது. "நல்லாத்தான் இருக்கு. எனக்கே மூடறதுக்கு மனசு வரல. ஆனா அம்மா வர்றதுன்னா இது இருக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணுதான்."

"தெரியும்," என்றாள். "மூடிடலாம்."

உடனே மூட முடியவில்லை. பலகைகளைத் தாங்கிய குறுக்குச் சட்டங்களில் இரண்டு நடுவில் வெடித்திருந்தன. டொம் என்ற சத்தம் அதனால்தான் அத்தனை ஆழமாக வந்திருக்கிறது. புதுச் சட்டம் அறுத்துக்கொண்டு வர நூலண்ணன் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது.

நாத்தனார் கார். கதவைத் திறந்துகொண்டே கத்தினாள். "அண்ணா! எனக்குத் திடீர்னு வெளியூர் வேலை போட்டுட்டாங்க, அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டேன். வீடு தயார்தானே?"

வாக்கரின் சத்தம் நடைக்குள் வந்துவிட்டது. புருஷன் கூடத்து வாசலுக்குப் பாய்ந்து போய், சிக்னல் வேலை செய்யாத சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரர் போல இரண்டு கைகளையும் விரித்தான்.

"அம்மா, நில்லு! அங்கேயே நில்லு!"

"ஏன்டா, உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

"தரை வேலை நடக்குதும்மா. இன்னிக்கு ஒருநாள்..."

"தள்ளு."

அம்மாவைத் தள்ளி நிறுத்த அவனுக்கு எப்போதுமே தெரியாது. அவன் விலகினான். மாமியார் வாக்கரை ஊன்றி நிமிர்ந்தாள், பார்த்தாள்.

மருமகள் கீழே பள்ளத்துக்குள் குனிந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு மாமியாரின் கணுக்கால்தான் முதலில் தெரிந்தது, அது நடுங்கியது. போச்சு, என்று நினைத்தாள். இப்போது வண்டியைத் திருப்பச் சொல்லப்போகிறாள். வாக்கரின் பிடியில் விரல்கள் வெளுத்தன.

"அந்த விளக்கு எரியுமா?" என்று கேட்டாள் மாமியார்.

ஒருவரும் புரிந்துகொள்ளவில்லை.

"விளக்குடா. மூணு தலை விளக்கு. எரியுமா?"

நூலண்ணன்தான் முதலில் அசைந்தார். சமையலறை பல்பையும் குளியலறை பல்பையும் கழற்றிக்கொண்டு ஓடிவந்தார், மூன்றாவதை எங்கிருந்து கொண்டுவந்தாரோ. ஒயரைப் பார்த்தார், கடித்தார், முறுக்கினார். பிளக்கைச் செருகினார். மஞ்சள் கூம்பிலிருந்து ஒரு வெளிச்சம், சிவப்பிலிருந்து ஒன்று, கறுப்பிலிருந்து கீழே கொட்டிய ஒன்று. மேஜையின் கண்ணாடிச் சில்லுகள் எல்லாம் ஒரே சமயத்தில் விழித்துக்கொண்டன. மயில்கழுத்து மெத்தை நனைந்ததுபோல் மின்னியது.

"இதெல்லாம் நிஜமாவே இருந்துச்சா?" என்றாள் மாமியார். குரல் சின்னப் பெண் குரலாகிவிட்டது.

"எதும்மா?" என்றாள் நாத்தனார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நான் டைப்பிஸ்ட்டா இருந்தப்ப எங்க ஆபீசுக்கு வெளிநாட்டுப் பத்திரிகை வரும். பழசாகிப் போடும்போது நான் படத்தைக் கத்தரிச்சு எடுத்துக்கிட்டு வருவேன். ஒத்தை அறையும் சமையலறையுமா நாலு பேர் குடித்தனம், குழாய்க்கு வரிசை. என் அலமாரிக் கதவு உள்பக்கம் பூரா ஒட்டி வச்சிருந்தேன். இதே மாதிரி பள்ளத்துக்குள்ள சோபா. கோபுரம் மாதிரி கொண்டை போட்ட பொம்பளைங்க, கையில்லாத கவுனு, முனை கூர்மையான செருப்பு. கால் மேல கால் போட்டு உட்கார்ந்துக்கிட்டுச் சிரிப்பாங்க."

"அந்தக் கதவு!" என்றான் புருஷன். "நான் பென்சிலால மீசை வரைஞ்சு அடி வாங்கினேனே."

"வரைஞ்சது ஒரு மீசைன்னா விட்டிருப்பேன். எல்லாருக்கும் வரைஞ்சேடா பாவி." அவள் கண்ணை எடுக்கவே இல்லை. "அதெல்லாம் படத்துக்காகச் செஞ்சு வச்ச அறைன்னு நினைச்சேன். அட்டை, பெயிண்டு. மனுஷங்க இதுல உட்கார்ந்து பேசியிருப்பாங்கன்னு ஒருநாளும் நம்பினதில்லை. புடவை மடிக்கும்போது பார்ப்பேன், கதவை மூடிடுவேன். அவ்வளவுதான்."

மருமகள் இந்த மாமியாரோடு இத்தனை வருஷம் ஒரே சமையலறையில் புழங்கியிருக்கிறாள். எலும்புக்குள் வரை படம் எடுத்திருக்கிறாள். இந்தப் பெண்ணை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"யாராவது உட்காருங்க," என்றாள் மாமியார். "நான் பார்க்கணும்."

எல்லோரும் போய் உட்கார்ந்தார்கள். நூலண்ணன்கூட, ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு.

"டேய், காலைத் தூக்கி மேல போடு. அப்படி இல்லை, ஒய்யாரமா. ஏம்மா, நீ சிரி. ஆஸ்பத்திரியில இருக்கிற மாதிரி விறைப்பா இருக்காதே."

அவர்கள் சிரித்தார்கள். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்தபின் தன் அறைக்குப் போகத் திரும்பினாள். அறை கூடத்துக்கு அந்தப் பக்கம். பள்ளத்தைச் சுற்றி நடக்க அகலமான இடம் இருந்தது, ஆனால் அவளால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. வாக்கரை நகர்த்தினாள், பின்னுக்கு இழுத்தாள். மறுபடி நகர்த்தினாள். நெற்றியில் வேர்வை பூத்தது. கடைசியில் மகனும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சுவரை ஒட்டி, அவள் கண்ணை இறுக மூடியபடி கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கட்டிலில் உட்கார்ந்ததும் மருமகளை அழைத்தாள்.

"மூடிடும்மா."

"அத்தை..."

"ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு வேளையும் என்னைத் தூக்கிக்கிட்டா போவீங்க? பாத்தாச்சு. நிஜம்னு தெரிஞ்சுபோச்சு. அது போதும் எனக்கு. மூடிடு."

மருமகள் கூடத்துக்கு வந்தாள். நூலண்ணன் வெடித்த சட்டத்தை அளந்துகொண்டிருந்தார். அவள் பள்ளத்தின் விளிம்பில் நின்று தன் கால் மாமியாரின் கால் என்று நினைத்துக்கொண்டு அதைப் பார்க்க முயன்றாள். எது பயமுறுத்துகிறது? பள்ளமா? ஆஸ்பத்திரியில் அவள் தினமும் பார்க்கிற நோயாளிகளை நினைத்துக்கொண்டாள். நடைபாதைச் சுவரில் இடுப்பளவில் ஒரு நீளக் கம்பி ஓடும். வாக்கரோடு வருகிறவர்கள் அந்தக் கம்பியைக் கண்டதும் வாக்கரை விட்டுவிடுவார்கள். விடச் சொல்லி யாரும் சொல்வதில்லை. கை தானாகப் போய்ப் பற்றிக்கொள்ளும். வெட்டவெளியாக மட்டமாகக் கிடக்கும் தரையில்தான் அவர்களுக்குக் கால் ஓடாது.

"அண்ணே, மூட வேண்டாம்."

"அப்ப?"

"சுத்திக் கைப்பிடி போடுங்க. இடுப்பு உயரத்துக்கு. பத்துப் பேர் சாய்ஞ்சாலும் அசையக் கூடாது."

"அழகு கெட்டுப்போயிடுமே தங்கச்சி."

"கெடாம போடுங்க. உங்களுக்கென்ன தெரியாதா?"

"தெரியாது," என்றார் அவர், உண்மையாகவே. "இந்த மாதிரி நான் செஞ்சதே இல்லை. இறங்கி உட்கார்ந்து பார்த்துத்தான் செய்யணும்."

பள்ளத்தை மூடியிருந்த பலகைகளிலிருந்தே அவர் கைப்பிடி இழைத்தார். மேஜைக் கால்களை அளந்து பார்த்து, அதே மெலிவில், அதே சாய்வில் தூண்கள். நுனியில் பித்தளைப் பூண். முதல் தடவை சாய்வு தவறிப்போய் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பச் செய்தார். மேற்கட்டையின் விளிம்பை இருக்கை மூலையைப் போலவே உருட்டிவிட்டார். மகன் தன் உடம்பு முழுவதையும் அதன் மேல் போட்டு, தொங்கி, ஆட்டிப் பார்த்துவிட்டு, "சரி," என்றான். அதற்குமேல் அவன் வாயிலிருந்து பாராட்டு வராது.

மாமியாரை அழைத்து வந்தார்கள். அவள் கை கட்டையைத் தொட்டது, பற்றியது. இன்னொரு கை வாக்கரிலேயே இருந்தது. ஓரடி போனாள். வாக்கர் தூணில் இடித்தது. "சனியனை நகர்த்து," என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்காமலே இரண்டாவது கையையும் கட்டைக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் நடந்தாள். கட்டையின் மேல் கையை வழுக்கவிட்டு, கண்ணைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டு, நடந்தாள். மருமகளும் மகனும் கீழே இருந்தார்கள். இருக்கச் சொன்னது அவள்தான். மூன்று தலை விளக்கு எரிந்தது.

"மேலேருந்து பார்த்தாத்தான்டா தெரியுது. உச்சியில வழுக்கை விழுந்திருக்கு உனக்கு."

"அம்மா, வழியைப் பார்த்து நட."

"வழியைக் கை பார்த்துக்குது. ஏம்மா, அந்த மஞ்சள் மெத்தையை நேராப் போடு. அலமாரியில இருந்த படத்துல இதைவிட நீலம் கொஞ்சம் மங்கல். இதுதான் நல்லா இருக்கு. அச்சடிச்சவனுக்குக் கண் சரியில்லை."

ஒரு பக்கம் முடிந்தது. மூலை திரும்பினாள், இன்னொரு பக்கம். மருமகள் கழுத்தை வளைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் படம் எடுத்த அந்த எலும்பு தலைக்கு மேலே தன் பாட்டுக்கு ஊர்கோலம் போகிறது. நம்பத்தான் முடியவில்லை.

நாலாவது பக்கத்தின் நடுவில் கைப்பிடி முடிந்தது. படிகள் இறங்கும் இடம். அங்கே கட்டை போட முடியாது. ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் காற்று, அதற்கப்பால் கட்டை மறுபடி தொடங்குகிறது. மாமியார் நின்றாள். கட்டை முடிகிற நுனியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முதல் படியைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்தன.

மகன் எழப்போனான். மருமகள் அவன் முட்டியை அழுத்தி உட்காரவைத்தாள்.

"திரும்பி அதே வழியில போயிடுங்க அத்தை. மூணு பக்கம் நடந்தாச்சே."

"நீ மேல வா," என்றாள் மாமியார்.

மருமகள் ஏறி வந்தாள்.

"அங்க நில்லு. இடைவெளியில. முதுகைக் குழிக்குக் காட்டிக்கிட்டு. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

"இப்படியா?"

"ஆங். இப்ப மூச்சை இழு. அசையாதே."

மருமகள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தூணாக நின்றாள். அவள் தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. கட்டையைப் பிடித்தது போலவே இறுக்கிப் பிடித்தது. ஓர் அடி. இன்னோர் அடி. மாமியாரின் மூச்சு அவள் கன்னத்தில் பட்டது. கண் மட்டும் அவள் தோளுக்கு மேலாகக் கீழே, வெளிச்சத்துக்குள் இருந்தது. பிறகு தோள் லேசானது. மறுபக்கக் கட்டையில் 'டப்'பென்று உள்ளங்கை விழுந்தது.

"விட்டுடு, மூச்சை," என்றாள் மாமியார். "டேய், அந்தச் சிவப்புத் தலையைக் கொஞ்சம் தூக்கி வை. அந்த மூலை இருட்டா இருக்கு. நான் இன்னொரு சுத்து வர்றேன்."